புதுப்பிப்பு: ஜீப்பின் பின் பட்டைகளை மாற்றியாச்சு

பழைய மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப் பின்பக்கம் தொங்குகிறது, வண்டியின் எடையைத் தாங்கும் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) வீட்டிலேயே மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றியாச்சு. சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஆக்ஸிலை (சக்கர அச்சு) ஜாக்கியில் தாங்கி இறக்கினோம். பட்டை சுலபமாகவே கழன்றது. பட்டையின் நுனியைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளின் போல்ட்தான் உயிரை வாங்கியது. புஷ் என்ற ரப்பர் உருளைக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொண்டு, திருகினால் ரப்பரும் சேர்ந்து சுற்றியது. கடைசியில் கிரைண்டரால் அறுத்தோம்.

பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் புதிதாகத்தான் போட்டேன். பட்டை அடுக்குகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை, பட்டை உட்காரும் ஆக்ஸில் மேடைக் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தபிறகே இறுக்கினேன். ஷேக்கிளை மட்டும் வண்டி தரையில் நின்றபின் முறுக்குங்கள்; தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும்.

காலி வண்டியில் கொஞ்சம் தூக்கிப் போடுகிறது, அது பட்டை வண்டியின் குணம். சரி, கொஞ்சம் ஓடியபின் யு போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.