சின்னக் கோழிக்கு பீர எப்படி ஊத்துறது?
வணக்கம் மக்களே, பினாங்குல இருக்கேன், சனிக்கிழமை மச்சான் குடும்பம் கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து வர்றாங்க, சௌரஸ்தா பாசார்ல அரை கிலோ சொச்சம் வர்ற மாதிரி சின்னக் கோழியா வாங்கி மசாலா தடவி பீரோட ஓவன்ல சுடணும்னு ரொம்ப ஆசை. மசாலா எங்க வீட்டு மசாலாதான், மிளகு, சோம்பு, வறுத்த மல்லி, மிளகாத்தூள், பூண்டு, தோலுக்கு அடியிலயும் விரல விட்டுத் தேய்ச்சு ராத்திரி முழுக்க ஐஸ்பெட்டில மூடாம வச்சா தோல் காஞ்சு நல்லா மொறுமொறுன்னு வரும்.

பிரச்சன பீர்லதான். பெரிய கோழின்னா டின் மேலயே உக்கார வைப்பாங்க, இது 320 மில்லி டின்னு மேல ஏறவே ஏறாது, டின் பெயின்ட் சூட்டுல என்னாகுமோன்னு பயம் வேற. சின்ன எவர்சில்வர் டம்ளர்ல பாதி பீர் ஊத்தி அதுமேல நிக்க வைக்கலாமா, இல்ல வெங்காயத்தோட தட்டுல ஊத்துனாலே போதுமா? ஸ்டவுட்னு சொல்ற கருப்பு பீர் வத்தும்போது கசந்துடுமா, லாகர்னு சொல்ற வெளிர் பீர்தான் நல்லதா?

தொடையில தெர்மாமீட்டர் குத்தி 74 டிகிரி பாத்துதான் எடுப்பேன், ஆனா 200 டிகிரி ஓவன்ல இவ்ளோ சின்னதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு செஞ்சவங்க சொல்லுங்க லா. அத்தை பீர் தொடமாட்டாங்க, ஓவன்ல வச்சாலும் ஆல்கஹால் முழுசா போகாது, அதனால அவங்களுக்கு மட்டும் தனித் தட்டுல இளநீர் ஊத்தி ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன், அதுக்கும் யோசனை இருந்தா சொல்லுங்க.