மறுமொழி: 'வாடிக்கையாளர் மனநிறைவு' கூட்டுறவுப் பண்டகசாலைக்குப் பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

> வாடிக்கையாளர் மனநிறைவு என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பண்டகசாலைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பண்டகசாலை உறுப்பினர் பங்குத்தொகை கட்டியவர், சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் வாக்களிப்பவர், லாபத்தில் ஈவு கேட்க உரிமையுள்ளவர். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், கூட்டுறவுக்கு வழிகாட்டிய ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்தபோதே வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வழியைப் பின்பற்றித்தான் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இப்படிப்பட்ட உறுப்பினரை வாடிக்கையாளர் என்று எழுதினால், கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி காணாமற்போகும்.

ஓர் உறுப்பினரை எண்ணிப்பாருங்கள். துவரம்பருப்பில் கல் இல்லை, எடை சரி, பில் போடவும் காத்திருக்கவில்லை. ஆனால் ஆண்டறிக்கை அவர் கைக்கு வந்ததே இல்லை; பேரவைக் கூட்டம் எப்போது நடந்தது என்பதும் தெரியாது. கல்லாவுக்கு அருகில் நின்று கேட்டால் பத்துக்குப் பத்து கொடுப்பார். அந்தப் பத்தைச் சங்கத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாகக் காட்டுவது உறுப்பினருக்குச் செய்யும் அநீதி.

ஆகவே இந்த மனநிறைவை அளந்து காட்டும் எண்ணுக்கு என் முன்மொழிவு: உறுப்பினர் மனநிறைவுக் குறியீட்டெண். 'உறுப்பினர் நிறைவு' என்று சுருக்கினால், உறுப்பினர் சேர்க்கை முடிந்துவிட்டது என்று படிக்க இடமிருக்கிறது. குறியீடு என்று மட்டும் நிறுத்தினால் அடையாளக் குறியோடு குழம்பும். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று நாளிதழ்கள் பழக்கிவைத்த வடிவமே போதும். அதை இரண்டு கூறாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: பொருள், எடை, சேவை பற்றியது கடைக்கூறு; ஆண்டறிக்கை, பேரவை பற்றியது சங்கக்கூறு.

பரசுராமன், ஜைதாமல், பெர்ரி மூவரும் 1988இல் வெளியிட்ட, சேவைத் தரத்தை அளக்கும் செர்வ்குவால் (SERVQUAL) அளவுகோலில் 22 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றையும், எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்ததாகக் கருதுவது எவ்வளவு என்று இருமுறை கேட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். இவற்றுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். முதலாவது எதிர்பார்ப்பு; அதில் சிக்கல் இல்லை. இரண்டாவதற்குப் 'புலனுணர்வு' என்று சென்ற மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அது கண், காது பற்றிய உளவியல் சொல். எதிர்பார்த்தது, கிடைத்தது, இடைவெளி என்று மூன்றையும் எளிமையாகவே வைத்துக்கொள்ளலாம். கிடைத்தது என்றால் உறுப்பினர் கணிப்பில் கிடைத்தது என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொன்று. இந்தக் கலைச்சொற்கள் அறிக்கைக்கு உரியவை. உறுப்பினர் கையில் கொடுக்கும் படிவத்தில் "பருப்பின் தரம் உங்களுக்குத் திருப்தியா?" என்றே இருக்கட்டும். திருப்தி வடசொல் என்று இங்கே சிலர் மறுப்பீர்கள். ஆனால் பை தூக்கிக்கொண்டு நிற்பவர் மறுகேள்வி கேட்காமல் பதில் சொல்லும் சொல் அதுதான்.

சங்கக்கூறு என்பதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள். 'உரிமைக்கூறு' என்றும் யோசித்தேன். சட்டவாடை சற்று மிகுதியாகத் தெரிகிறது.

அன்புடன்