துருசுக் கதவும் தொகையீடும்: இணையவழிப் பாடங்கள் அமைக்க உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்கும் நாங்கள் சிலர், அவ்விரு பாடங்களையும் பொறியியலோடு இணைத்துக் காட்டும் இணையவழிப் பாடங்களைத் தயாரித்து வருகிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இங்குள்ள அறிவியல்நகரிலேயே இருந்தும், தொகையீடு (integration) அங்கே எதற்குப் பயன்படுகிறது என்பதை அறியாமலே நம் பிள்ளைகளிற் பலர் பரீட்சை எழுதுகிறார்கள்.

முதற்பாடம், குளத்து நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் உதவும் துருசுக் கதவு பற்றியது. 1 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட நிலைக்குத்தான கதவின் மேல்விளிம்புவரை நீர் நின்றால், ஆழத்தோடு நேர்விகிதத்தில் கூடும் அமுக்கத்தைத் தொகையிட்டுப் பெறும் விசை ஏறத்தாழ 44 கிலோநியூற்றன் ஆகும். அது கதவின் நடுவில் அன்றி, அடியிலிருந்து 1 மீற்றர் உயரத்தில் தாக்குகிறது. நீர்மட்டத்தை நகர்த்தினால் விசையும் மாறும்படி இதை ஜியோஜீப்ரா (GeoGebra) என்னும் கணித மென்பொருளில் அமைத்திருக்கிறோம். (மட்டம் பாதியானால் விசை காற்பங்காகிவிடும் என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை.)

அடுத்ததாக, ஆடலோட்ட (AC) மின்சுற்றுக்களில் சிக்கலெண்கள் பயன்படும் விதத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். மின் பொறியியல் படித்தவர்கள், உண்மையான சுற்று ஒன்றை அடிப்படையாகக் கொண்ட கணக்குகளைத் தந்து, எங்கள் வரைவையும் சரிபார்த்து உதவ முடியுமா? துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து மாணவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் கைப்பேசியிலேயே படிப்பதால், நீண்ட காணொளிகள் எங்களுக்குப் பயன்படா. பெட் (PhET) என்னும் அறிவியல் உருவகப்படுத்தல்களைப் போல, ஒருமுறை தரவிறக்கினால் இணைப்பின்றியும் இயங்கும் சிறு கோப்புகளை உருவாக்கத் தெரிந்தவர்களும் தொடர்புகொள்ளுங்கள்.