மாணவர் இதழை நடத்தியபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் துறையின் மாத இதழுக்கு மாணவ ஆசிரியராக இருந்தேன். டேப்லாய்டு அளவில் 8 பக்கங்கள், 600 படிகள், என்னையும் சேர்த்து 11 பேர் கொண்ட குழு. அந்த ஓராண்டில் நான் செய்த பிழைகளுள் ஒன்று இன்றும் மனத்தை உறுத்துவதால், அதையே முதலில் எழுதுகிறேன். இதழ் நடத்திய மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோழவந்தான் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து படித்த முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் பேருந்து பற்றி ஒரு செய்திக்கட்டுரை எழுதிக் கொடுத்தார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதால், எங்கள் கல்லூரியில் கிராமங்களிலிருந்து வரும் பலர் அந்தப் பேருந்துகளையே நம்பியிருந்தார்கள். மாலையில் வேறு பேருந்துகள் வந்தாலும் அவற்றில் ஏறாமல், கட்டணமில்லாத பேருந்துக்காகக் காத்து நிற்பார்கள். அதைத்தான் அவர் எழுதியிருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் மூன்று பக்கம்; ஒற்றுப் பிழைகள் ஏராளம், பத்தி பிரிக்கவே இல்லை. ஆனால் நடுவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "ஐந்தே கால் வண்டியை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்குத்தான், அதற்குள் அம்மா மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்."

இதழ் அச்சுக்குப் போக இரண்டு நாள்களே இருந்தன. நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஓர் இரவில் முழுவதையும் திருப்பி எழுதினேன். ஒற்றுப் பிழைகளைக் களைந்ததோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாக்கியம் இருந்த இடத்தில், "போதிய பேருந்து வசதி இல்லாததால் மாணவிகள் பெரும் அவதிக்குள்ளாகின்றனர்" என்று எழுதி, அதுதான் செய்தி நடை என்று மனமார நம்பினேன். நாளிதழ்களில் நாள்தோறும் படித்த வாக்கியம் அது. எந்த ஊருக்கும் எந்தக் குறைக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்த ஊரையும் காட்டாத வாக்கியம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இதழ் வந்த அன்று மதியம் அவர் துறை வராந்தாவில் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. இரண்டாம் பக்கத்தை விரித்து, தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்த தம் பெயரின் மேல் விரலை வைத்து, "அக்கா, இதுல என் பேரு மட்டுந்தான் என்னோடது" என்றார். இடமில்லை, நேரமில்லை, பிழைகள் இருந்தன என்று நான் சொன்னவை எல்லாம் உண்மைதான்; ஆனால் அவர் கேட்டதற்கு அவற்றுள் எதுவும் பதிலாகவில்லை. அடுத்த இரண்டு இதழ்களுக்கு அவர் எதுவும் எழுதித் தரவில்லை.

அதன் பிறகு எழுதியவர் அருகில் உட்காராமல் எந்தக் கட்டுரையையும் திருத்துவதில்லை என்று முடிவு செய்தேன். சிவப்பு மையை விட்டுப் பென்சிலுக்கு மாறினேன், வாக்கியத்தை அடிப்பதற்கு மாறாக, "யார் சொன்னார்?", "எத்தனை மணிக்கு?", "நேரில் பார்த்தாயா?" என்று ஓரத்தில் கேள்விகளாக எழுதினேன். விடையை அவர்களே எழுதிச் சேர்ப்பார்கள். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு மூன்று நாள் ஆனது. அதனால் கட்டுரை கொடுக்கும் கடைசி நாளை ஒரு வாரம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. முதல் மாதம் குழுவில் பலருக்கும் என் மேல் வருத்தம். ஆயினும் அந்த ஏற்பாட்டைக் கைவிடாததில் எனக்கு நிறைவே.

* * *

நான் கோவையில் ஒரு கல்லூரியில் இதழ் ஆசிரியராக இருந்தவன். உங்களுடையது எழுத்தைத் திருத்தியதில் வந்த பிழை. என்னுடையது கேள்வி கேட்காமல் விட்டதில் வந்தது.

விடுதித் தண்ணீர்த் தொட்டி ஆறு மாதமாகக் கழுவப்படவில்லை என்று எங்கள் நிருபர் எழுதினார். ஏழு மாணவர்களிடம் பேசியிருந்தார். ஏழு பேரும் அதையே சொன்னார்கள். விடுதிக் காப்பாளரைக் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை. இதழின் கடைசிப் பக்கத்தில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பதால், சில நூறு படிகளில் என்ன வந்துவிடப் போகிறது என்ற அலட்சியமும் எனக்குள் இருந்திருக்க வேண்டும். இதழ் வெளியான மறுநாள் காப்பாளர் எங்கள் அறைக்கு வந்து, தொட்டி கழுவிய தேதிகள் எழுதப்பட்ட பதிவேட்டை என் மேசையில் வைத்தார். கடைசியாகக் கழுவி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. தேதிக்கு எதிரே, தொட்டிக்குள் இறங்கிக் கழுவிய தொழிலாளியின் கையெழுத்து இருந்தது. "நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, வேலை போயிடுமான்னு இவரு கேக்குறாரு தம்பி" என்றார் காப்பாளர். உண்மையில் மோட்டார் பழுதானதால்தான் கலங்கல் தண்ணீர் வந்திருக்கிறது.

மறுப்பை அடுத்த இதழில் உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டால் போதும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். தவறு முதல் பக்கத்தில் வந்ததால் திருத்தமும் முதல் பக்கத்தில்தான் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அச்சிட்ட பிறகு ஒரு படியை அந்தத் தொழிலாளியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்; எதுவும் பேசவில்லை.

* * *

எனக்கு நேர்ந்தது பக்க வடிவமைப்பில். நாங்கள் எல்லோரும் கைப்பேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவோம். அச்சகத்திலோ பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள், அதில் யூனிகோடு ஏறாது. பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும், சில கிரந்த எழுத்துகள் காணாமல் போகும். திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லி, ஒரு முறை தலைப்பிலேயே பிழையோடு 500 படிகள் வந்து இறங்கின. அதிலிருந்து இறுதி மெய்ப்பைத் தாளில் எடுத்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் இதை முதல் இதழிலிருந்தே செய்ய வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

முதலில் எழுதிய சகோதரியிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். அந்த மாணவியின் வாக்கியம் பிறகு எப்போதாவது அச்சில் வந்ததா?

* * *

வந்தது. இரண்டு இதழ்கள் கழித்து, பேருந்துக் கட்டுரையை மீண்டும் எழுதித் தர முடியுமா என்று நானே அவரிடம் போய்க் கேட்டேன். உடனே சம்மதிக்கவில்லை. "நான் எழுதுறதை நீங்க மாத்தினா, எனக்கு முன்னாடி உக்காந்து மாத்தணும்" என்றார்; ஒப்புக்கொண்டேன். ஆண்டின் கடைசி இதழில், எட்டாம் பக்கத்தில், வேறு எதுவும் போடாமல் அந்தக் கட்டுரைக்கு முழுப் பக்கத்தையும் ஒதுக்கினோம்.

அந்த மூன்று பக்கங்களையும் இருவரும் எங்கள் துறையின் நீள மேசையில் உட்கார்ந்து பார்த்தோம். ஒற்றுகளையும் பத்திகளையும் அவரே சரிசெய்திருந்தார். அம்மா வாசலுக்கு வரும் வாக்கியத்துக்கு வந்தபோது நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவர்தான் அதில் ஒரு சொல்லை அடித்திருந்தார்: 'ஆறே முக்கால்' என்பது 'ஆறரை' ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டேன். போன வாரம் பேருந்து நிலையத்துக்குப் போய் டைம் கீப்பரிடம் கேட்டதாகச் சொல்லி, நேரங்களைக் குறித்து வந்த துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.