அத்தையின் கொண்டாட்ட மிளகாயும் ஒரு சூடாறாப்பெட்டியும்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

நானும் வீட்டுக்காரரும் தினமும் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறோம். வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். மட்டரிசி சீக்கிரம் வேகாது. மேல்தவிடு முழுசாகப் போகாத அரிசி, ஒரு மணி நேரம் அடுப்பில் கிடக்கும். அதற்குள் பையன் தூங்கிவிடுவான் என்று வாரத்தில் நான்கு நாள் பரோட்டா வாங்கிவிடுவோம். மூன்று வருடம் முன்பு வரை இதுதான் நிலைமை.

அப்போதுதான் தோழி ஒருத்தி எளிய சமையலுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். அங்கே திருச்சூரில் இருக்கும் ஒரு தமிழ்க்கார அண்ணன் சூடாறாப்பெட்டி பற்றி எழுதியிருந்தார். சூடு ஆறாத பெட்டி, அவ்வளவுதான். மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோகும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் விறகும் கேஸும் மிச்சப்பட வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தது. கேரளத்திலேயே பிறந்து வளர்ந்த நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை!

அட்டைப்பெட்டிக்குள் தெர்மோகோல் ஒட்டி, பழைய போர்வையை மடித்து வைத்து நானே ஒன்று செய்தேன். அரிசியைப் 15 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியோடு உள்ளே இறக்கிவைக்க வேண்டும். முதல் நாள் நடுவில் வேகாமல் நறுக்கு நறுக்கு என்றிருந்தது. குழுவில் கேட்டேன். தஞ்சாவூர் அம்மா ஒருவர், "பாத்திரம் பெரிசா இருக்கும், பாதி காலியா இருக்கும். அரிசியும் தண்ணியும் நிறைஞ்சு இருந்தாத்தான் சூடு நிக்கும்" என்றார். அதேதான். சின்னப் பாத்திரத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது காலை ஐந்தரைக்கு இறக்கிவைத்தால் ஏழு மணிக்குச் சோறு தயார். இரவுக்கு அதையே கஞ்சியாக்கிக்கொள்கிறோம். 30 நாள் வந்த சிலிண்டர் இப்போது 42 நாள் வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் கஞ்சியோடு வறுத்த கொண்டாட்ட மிளகாயை, அதாவது தயிரில் ஊறவைத்துக் காயவைத்த மிளகாயை, படம் எடுத்துப் போட்டேன். சிங்கப்பூர் அக்கா ஒருவர், "இதை எப்படிப் போடுவீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வருடா வருடம் அத்தை டப்பாவில் போட்டுக் கொடுப்பார், வறுத்துச் சாப்பிடுவேன். அன்றைக்கு ராத்திரியே போய்க் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "ஏங்கண்ணு, பத்து வருசமாத் திங்கறே. இன்னைக்குத்தான் கேக்கறே" என்றார்.

அந்த மாசியில் இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம். ஒரு கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு கீறி, புளித்த தயிரில் உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் எடுத்து மொட்டைமாடியில் காயவைத்து, சாயந்திரம் மறுபடி அதே தயிருக்குள். தயிர் முழுக்க மிளகாய்க்குள் ஏறும் வரை இப்படியே நான்கைந்து நாள். அப்புறம் சலசலவென்று சத்தம் வரும்வரை வெயில். எங்கள் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். தண்ணீருக்குப் படும் பாடு கொஞ்சமில்லை, ஆனால் கொண்டாட்ட மிளகாய்க்கு இந்த வெயில் வேறெங்கும் கிடைக்காது.

அத்தை பேசியதைப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினேன். பாதி மலையாளம் கலந்த எங்கள் தமிழ் எல்லோருக்கும் புரிந்தது. சிங்கப்பூர் அக்கா ஜன்னலோரம் காயவைத்ததில் பூஞ்சை பிடித்துவிட்டது. "தயிரக் கொறச்சு, கொஞ்சமாப் போடச் சொல்லு, உப்பு தூக்கலா இருக்கட்டும்" என்று அத்தை பதில் சொன்னார். இப்போதெல்லாம் நான் பையைக் கீழே வைக்கும் முன்பே, "யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?" என்பார்.

குப்பம், ஆந்திரா

கொழிஞ்சாம்பாறை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கும் இப்படித்தான். வேலைக்காக இங்கே தனியாக அறை எடுத்து இருக்கிறேன். ராகிக் களி கிண்டினால் கட்டி தட்டுகிறது என்று குழுவில் எழுதினேன். மாவைக் கொட்டியதும் கிளறாதே என்று ஒருவர் சொன்னார். குழைய வெந்த நொய்மேல் மாவைக் குவித்து, நடுவில் குழி பண்ணி, மூடிப் பத்து நிமிடம் சிறு தீயில் விட்டுவிட்டு அப்புறம் கிண்ட வேண்டுமாம். கிண்டக் கோல் இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் போய்க் கேட்டேன். கோலோடு வேர்க்கடலைச் சட்னியும் கொடுத்து அனுப்பினார். இரண்டு வருடமாக எதிரெதிர் வாசல், அன்றைக்குத்தான் முதல் பேச்சு. இங்கே களியைச் சங்கட்டி என்கிறார்கள்.

எலப்புள்ளி

ராமசேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். மண்பானை வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவு ஊற்றி விறகடுப்பில் அவிக்கிற இட்லி, தட்டையாகத் தோசை மாதிரி இருக்கும். காலம் காலமாக அங்கே முதலியார் குடும்பங்கள் செய்வது. மதுரைக்காரர் ஒருவர் கேட்ட பிறகுதான் நான் போய் உட்கார்ந்து பொடியோடு சாப்பிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை

எல்லாவற்றையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். குப்பத்துத் தம்பிக்கும் அந்தத் தெலுங்கு அம்மாவுக்கும் ஆளுக்கு ஒரு டப்பா மிளகாய் அனுப்ப வேண்டுமாம். முகவரியைத் தனியாக அனுப்புங்கள் தம்பி. வெயில் இருக்கும்போதே இன்னொரு கிலோ நனைத்துவிடுகிறோம்.