ஓவர்லாக் டென்ஷன்: எந்த ஸ்க்ரூவை எப்போ தொடணும்? (பல ஊர்த் தையல்காரங்க பேசிக்கிட்டது)

பாளையங்கோட்டை:
தையல் கடைகள்ல இருக்கிற சின்ன மூணு நூல் ஓவர்லாக்கை, அதாவது துணி ஓரத்தை வெட்டி, பிரியாம சுத்தித் தைக்கிற மெஷினைப் பத்திச் சொல்லுதேன். ஜாக்கெட் ஓரம் சரியா விழலைன்னா நிறையப் பேர் மூணு நூலோட இறுக்கத்தை (டென்ஷனை) மாத்துற மூணு ஸ்க்ரூவையும் ஒண்ணாத் திருகிடுதாங்க. அதுக்கப்புறம் கோளாறு எதுலன்னே தெரியாது. ஊசிக்கு வெள்ளை, மேல் லூப்பருக்கு (லூப்பர்னா விளிம்புல நூலை வளையமாப் போடுற கொக்கி) சிவப்பு, கீழ் லூப்பருக்கு நீலம்னு மூணு கலர் கோன் போட்டு, தைக்கப்போற துணியோட வெட்டுத்துண்டுலயே ஒரு சாண் அடிச்சுப் பாருங்க. சிவப்பும் நீலமும் சரியாத் துணி விளிம்புல சந்திக்கணும். சிவப்பு அடிப்பக்கம் போயிருந்தா மேல் லூப்பர் லூஸ், இல்லைன்னா கீழ் லூப்பர் டைட். நீலம் மேலே ஏறினா அதுக்கு நேர்மாறு. லூஸா இருக்கிறதைக் கால் சுத்து வலப்பக்கம் திருப்பி இறுக்கிட்டு, மறுபடி அடிச்சுப் பாருங்க. ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரூதான்.

சங்கரன்கோவில்:
அண்ணாச்சி, ஊசி நூலையும் சேர்த்துக்கிடுங்க. ரெண்டு துணியைச் சேர்த்து அடிச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா தையலுக்கு நடுவுல வெள்ளை பல்லு பல்லாத் தெரியும். அது ஊசி நூல் லூஸ். ஓட்டின இடம் நெடுக சுருக்கு விழுந்தா டைட். பனியன் துணியில டைட்டா வச்சா, துணியை இழுக்கிறப்போ ஊசி நூல் பட்டுன்னு அறுந்துபோகும்.

புதியம்புத்தூர்:
பாதி நேரம் ஸ்க்ரூ மேல குத்தமே இருக்காது. நூலை அழுத்திப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல பஞ்சோ அறுந்த நூலோ மாட்டியிருந்தா, எவ்வளவு இறுக்கினாலும் நூலைப் பிடிக்காது. ஒரு துணி நாடாவை உள்ளே விட்டு இழுத்துத் துடைங்க. தையல் நடுநடுவுல மட்டும் இறுகுதா? கோனைப் பாருங்க. நூல் சரிஞ்சு கோனுக்கு அடியில கம்பியைச் சுத்திக்கிடும். ஸ்டாண்டோட மேல் வளையம் கோனுக்கு நேர் மேலே இருக்கணும்.

கோக்கிற வரிசையும் முக்கியம்: மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியா ஊசி. கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தாலும் ஊசி நூலை உருவிட்டுத்தான் கோக்கணும். இல்லைன்னா கீழ் நூல் ஊசி நூல்ல மாட்டி, நாலு தையல்ல திரும்ப அறுந்துடும். டென்ஷன் டைட்டுன்னு நினைச்சு அங்கேயும் ஸ்க்ரூவைத் திருகுறவங்க உண்டு.

அம்பாசமுத்திரம்:
ரெண்டு லூப்பரையும் தளர்த்தியும் ஜாக்கெட் தைக்கிற ரூபியா துணி ஓரம் சுருளுது அக்கா. என்ன பண்ணலாம்?

புதியம்புத்தூர்:
அது கத்தி வேலை தம்பி. தையல் அகலத்துக்கு மேல துணியை விட்டு வெட்டினா, மிஞ்சின துணி உள்ளே சுருளும். அதிகமா வெட்டினா விளிம்புக்கு வெளியே வளையம் தொங்கும். கீழ்க் கத்தி முனை ஊசி பிளேட்டோட சமமா நிக்கணும். மேல் கத்தி கீழே இறங்குறப்போ அதைத் தாண்டி அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை இறங்கணும். கத்தி மழுங்கினா விளிம்புல பிசிறு நிக்கும். பிளேட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற நாக்கையும் விரலால தடவிப் பாருங்க. தையல் அதைச் சுத்தித்தான் விழுது, அதுல சொரசொரப்பு இருந்தாலும் நூல் இழுபடும்.

பாளையங்கோட்டை:
பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல யூனிஃபார்ம் துணிக்கு மாறுறவங்க 14ஆம் நம்பர் ஊசி போடுங்க, ரெண்டு லூப்பரையும் லேசாத் தளர்த்துங்க. கனமான விளிம்பைச் சுத்த நூல் கூடுதலா வேணும். திரும்ப ஜாக்கெட் துணிக்கு வர்றப்போ 11. ஊசியோட நீளப் பள்ளம் உங்களைப் பார்த்து இருக்கணும், திரும்பியிருந்தா தையல் விட்டு விட்டு விழும்.