கொட்டாங்குச்சியில் குருவித் தட்டு: உட்கார்ந்ததும் கவிழ்ந்துவிடுகிறது, எப்படிச் சரிசெய்வது?

மொட்டைமாடி:
6, 9 வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து சிட்டுக்குருவிக்குத் தீனித்தட்டு செய்தோம். கொட்டாங்குச்சியில் ரெண்டு ஓட்டை போட்டுக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். குருவி விளிம்புல உட்கார்ந்ததுமே கவிழ்ந்து கம்பெல்லாம் கொட்டிடுது. மழையில நனைஞ்ச மிச்சமும் முளைவிட்டு நாறிப்போச்சு. வீடியோக்களில் பைன் காய் மேல வேர்க்கடலை வெண்ணெய் தடவுறாங்களே, அது நம்ம ஊருக்குச் சரிவருமா? வீடு இரண்டாவது மாடி. பால்கனிக்கு எதிரே வேப்பமரம் இருக்கு.

உளி:
கோளாறு அந்த ரெண்டு ஓட்டையில்தான். இரண்டையும் சேர்க்கும் கோடு அச்சு மாதிரி ஆகிவிடும், சிரட்டை அதில் சுழலும். சிட்டு 25–30 கிராம்தான் இருக்கும். ஆனால் விளிம்பில் உட்காரும்போது காலிச் சிரட்டையைச் சாய்க்க அது போதும். மூன்று ஓட்டை போடுங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு நூலை அளந்து வெட்டி, மூன்றாக மடித்து, திரும்ப விளிம்பில் சுற்றி, இரண்டு மடிப்பும் நூலின் நுனிகள் சேரும் இடமும் வருகிற மூன்று இடங்களில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். 9 வயசுப் பிள்ளை தானே செய்துவிடும்.

கண் இருக்கிற பாதியை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லிசு, திருப்புளியால் குத்தினால் திறந்துகொள்ளும். மழைத்தண்ணீர் வடிய அந்த வழி போதும். அந்த ஓட்டை கம்பைவிடப் பெரியது என்பதால் உள்பக்கம் ஒரு துண்டு கொசுவலையை வையுங்கள், தானியம் ஒழுகாது.

கயிறு கோக்கும் ஓட்டை விளிம்புக்கு 1 செ.மீ. கீழே, 3 மி.மீ. டிரில் பிட்டால் பெரியவர்கள் போட வேண்டியது. ஆணியைச் சுத்தியலால் அடித்தால் சிரட்டை விரிசல் விடும். ஒட்டியிருக்கும் தேங்காயைத் துளியும் விடாமல் சுரண்டிவிடுங்கள். அது சிக்குவாடை அடித்து எறும்பைக் கூப்பிடும். வெளிநாரை உப்புத்தாளால் தேய்ப்பது சின்னப் பிள்ளைக்குப் பிடித்த வேலையாக இருக்கும். உள்ளே வார்னிஷ், பெயிண்ட் எதுவும் வேண்டாம்.

சணல் கயிறு மூன்று, ஒவ்வொன்றும் 50 செ.மீ. சிரட்டையை ஒரு டம்ளர் வாயில் நேராக உட்காரவைத்து, மூன்று கயிற்றையும் மேலே சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டால் சமமாக நிற்கும். தூண்டில் நரம்பும் மாஞ்சா நூலும் கூடவே கூடாது. காலில் சுற்றிக்கொண்டால் குருவியால் மீளமுடியாது.

தினைப்புனம்:
வேர்க்கடலை வெண்ணெய் வேண்டாம். நம் வெயிலில் உருகி வழிந்து இறகில் ஒட்டும். கடையில் வாங்குவதில் பெரும்பாலும் உப்பும் சர்க்கரையும் இருக்கும்.

கம்பு 2 பங்கு, தினை 1 பங்கு, நொய்யரிசி 1 பங்கு. காலையில் இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள், சாயங்காலம் தட்டு காலியாக இருக்கணும். மீந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். நனைந்த தானியத்தைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை பிடித்திருக்கும். மிக்சர், முறுக்கு, பழைய சோறு மூன்றும் வேண்டாம்.

6 வயசுப் பிள்ளைக்கு இன்னொரு வேலை இருக்கு. நெற்கதிர் ஒரு கைப்பிடி எடுத்து, கதிர் கீழே பார்க்கிற மாதிரி தண்டுகளை இறுக்கிக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் முற்றத்திலும் திண்ணையிலும் தொங்கின கதிர்க்கொத்து இதுதான். சிட்டு தலைகீழாகத் தொத்திக்கொண்டு ஒவ்வொரு நெல்லாக உருவி, அலகிலேயே உமியைக் களைந்து தின்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். கவிழ்கிற பிரச்சினையே கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிட்டு தன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். பால்கனிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே தானியம் போட்டால் பாதிப் பசிதான் தீரும்.

மொட்டைமாடி:
ரொம்ப நன்றி. மூணு ஓட்டையில இப்ப ஆடாம நிக்குது. ஆனா புறா வந்து எல்லாத்தையும் தள்ளிட்டுத் தின்னுது.

உளி:
4 செ.மீ. கண் உள்ள கம்பிவலையை உருளையாகச் சுருட்டி, சிரட்டையைச் சுற்றி மாட்டுங்கள். அடியையும் மேலையும் அதே வலையால் மூடிவிடுங்கள். சிட்டு நுழையும், புறா நுழையாது. வெட்டின கம்பி முனைகளை வெளிப்பக்கமாக மடக்குங்கள். கீழே சிந்துவதைத் தினமும் பெருக்கிவிடணும், புறாவை முதலில் இழுப்பது அதுதான். எச்சம் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துடையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

தினைப்புனம்:
பால்கனியில் கண்ணாடிக் கதவு இருந்தால், வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் காகிதப் பட்டைகளை ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் தெரியும் வேப்பமரத்தை நிஜம் என்று நினைத்துத்தான் குருவி வந்து மோதும். வாரம் ஒருமுறை சிரட்டையை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே தானியம் போடுங்கள். பக்கத்தில் ஒரு மண்தட்டில் 3 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் நிற்க ஒரு கல். தண்ணீரைத் தினமும் கொட்டித் தட்டைத் தேய்த்து மாற்றினால் கொசு வராது.